தோற்ற குழுவையே வென்ற பயிற்றுநர்

சிலாங்கூர் ஆட்டக்காரராக விளங்கிய டத்தோ கே. ராஜகோபால், 2009-ஆம் ஆண்டு மலேசியக் காற்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்றுநரானார். அப்போது நம் காற்பந்து சோர்ந்து கிடந்தது. சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்று 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவ்வாண்டு லாவோசில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியின் முதற்சுற்றில், மலேசியா வியட்நாமிடம் 1-3 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அந்த ஒரே கோல், வியட்நாம் ஆட்டக்காரர் தவறுதலாகச் சொந்த வலைக்குள் அனுப்பிய பந்து! வெற்றியில் அதிர்ஷ்டத்திற்கும் பங்குண்டு.

ஆனால், 2010-இல் நடந்த சுசூகி கிண்ணப் போட்டியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜகார்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியா 5-1 என மலேசியாவைத் தோற்கடித்தது. அத்தகைய தோல்விக்குப் பின் குழுவைத் தலைநிமிரச் செய்வது எளிதன்று. ராஜகோபால் முந்தைய ஆண்டு தங்கம் வென்ற இளைஞர்கள் பலரைத் தம் குழுவில் வைத்திருந்தார். அவர்கள் தாய்லாந்துடன் சமநிலை கண்டு, லாவோசையும் வியட்நாமையும் வீழ்த்தி, இறுதியாட்டத்தில் மீண்டும் இந்தோனேசியாவைச் சந்தித்தனர்.

டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலில் அரங்கத்தில் மலேசியா 3-0 என வென்றது. மூன்று கோல்களும் பிற்பாதியில் விழுந்தன. அவற்றுள் இரண்டு சாஃபி சாலி அடித்தவை. மூன்று நாள்களுக்குப் பின் ஜகார்த்தாவில், தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி வாய்ப்புக் கிடைத்தது. கோல்காவலர் கைருல் ஃபாமி அதைத் தடுத்துவிட்டார். அன்று மலேசியா 1-2 எனத் தோற்றாலும், மொத்தம் 4-2 என்ற கணக்கில் அக்கிண்ணத்தை முதன்முறையாக வென்றது.

அம்மகிழ்ச்சியில் டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.