மார்கழிப் பனியில் சபரிமலை: வழிக்கு முன்னால் வேளையைத் தேர்ந்தெடுங்கள்

சபரிமலைக்கு மாலை போட்டவுடன் குழுவில் எழும் முதல் பேச்சு, எந்த வழியாகப் போவது என்பதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், மம்சாபுரம், சேத்தூர், சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் நம் பக்கத்துத் திருவண்ணாமலை என்று இந்த வட்டாரத்தில் எங்கிருந்து வேன் புறப்பட்டாலும் மேற்கே மலை மறிக்கிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் காடு அது. நேராகக் குறுக்கே போக வண்டிப் பாதை கிடையாது. தெற்கே போய் செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாயைக் கடக்கலாம்; அல்லது வடக்கே சுற்றி உசிலம்பட்டி, தேனி, கம்பம் என்று குமுளியில் மலை ஏறலாம். இந்த இரண்டில் எது நல்லது என்று குருசாமிகள் நெடுநேரம் பேசுவார்கள். எப்போது கிளம்புவது என்பதோ, “ராத்திரி பூஜை முடிச்சு, சாப்பிட்டுட்டு, பத்து மணிக்கு வண்டிய எடுத்துரலாம் சாமி” என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பனியும் மழையும் கலந்த மலைச்சாலையைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழ். வேளையை முதலில் முடிவு செய்ய வேண்டும், அடுத்து ஓட்டுநரை, அதற்கும் பிறகுதான் வழியை.

காரணம் பனியின் இயல்பிலேயே இருக்கிறது. இந்தப் பயணத்தில் நாம் இரண்டு வகைப் பனிமூட்டத்தைச் சந்திக்கிறோம். இரண்டும் வெவ்வேறு கடிகாரத்தில் நடப்பவை. சமவெளியில், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று கண்மாய்களும் வயல்களும் தென்னந்தோப்புகளும் ஒட்டி வரும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் படிவது நிலம் குளிர்வதால் உண்டாகும் மூட்டம். காற்று அசையாத, மேகமற்ற இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து துளியாகிறது. நள்ளிரவுக்குப் பின் மெல்லத் திரண்டு, விடியலை ஒட்டி மிகவும் அடர்ந்து, வெயில் ஏறியதும் ஓரிரு மணி நேரத்தில் கலைந்துவிடும். மலைமேல் இருப்பது அப்படியல்ல. அது மலைச்சரிவைத் தொட்டு நிற்கும் மேகமேதான். ஈரக்காற்று சரிவில் மோதி மேலேறிக் குளிரும் வரை அது இருக்கும்; மழை வந்தால் பட்டப்பகலிலும் சாலையை மூடும். குட்டிக்கானம், பீர்மேடு பக்கம் மதியமே விளக்குப் போட்டு ஓட்ட நேர்வது இதனால்தான். ஆகவே வெயில் ஏறும் வரை காத்திருந்தால் சமவெளிப் பனியிலிருந்து தப்பலாம். மலைப்பனிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆனால் பகலில் மேகத்துக்குள் ஓட்டுபவருக்குச் சாலையின் விளிம்பாவது தெரியும். இரவில் தெரிவது தன் விளக்கொளி பட்டுத் திரும்பும் வெண்மை மட்டும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. எதிரில் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் 25 மீட்டர் போய்விடும். நனைந்த தார்ச்சாலையில் அதன்பிறகு நிற்க இன்னும் 35 மீட்டர். ஆக 60 மீட்டர். இந்திய வானிலைத் துறை, பார்வைத் தூரம் 50 மீட்டருக்குக் கீழே போனால் ‘மிக அடர்ந்த மூடுபனி’ என்கிறது. அந்த மூட்டத்தில் 60-இல் போகிறவர், தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் வண்டியை நிறுத்த முடியும். 40 கிலோமீட்டரில் இதே கணக்கு ஏறக்குறைய 32 மீட்டராகவும், 30-இல் 21 மீட்டராகவும் சுருங்கும். தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ அதுவே வேகம். இதில் கைத்திறமைக்கு இடம் குறைவு. எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராலும் பிரேக் தூரத்தைச் சுருக்க முடியாது.

விளக்கு விஷயத்திலும் நம்மிடம் தவறான பழக்கங்கள் ஊறியிருக்கின்றன. பனியில் ஹைபீம் போட்டால் துளிகளில் பட்ட ஒளி கண்ணுக்கே திரும்பி வரும், லோபீம்தான் சரி. மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை என்பதால் நிறம் பெரிய வித்தியாசம் செய்யாது. பனிவிளக்கின் பயன், அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு சாலையை மட்டும் நனைப்பதில் இருக்கிறது. வண்டிக் கூரைமேல் கட்டிய மஞ்சள் விளக்குகளால் உபகாரத்தைவிடக் கெடுதலே அதிகம். ஓடிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் போடும் வழக்கமும் ஆபத்தானது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று எதுவும் தெரியாது. அது நின்றுவிட்ட வண்டிக்கான அடையாளம்.

அடுத்தது தூக்கம். பனியைவிடக் கொடியது அது என்பதே என் முடிவு. மனித உடல் அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை ஆழ்ந்த தூக்கத்துக்கென்று அமைந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடும் என்று 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வேலை பார்த்து, இரவு பத்து மணிக்கு வேன் எடுப்பவர் செங்கோட்டையைத் தாண்டும்போதே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். புனலூர், பத்தனம்திட்டை கடந்து, வடசேரிக்கரைக்கு மேல் நிலக்கல் வரைக்குமான காட்டு வளைவுகளில் ஏறும்போது மணி மூன்று, நான்கு. பயணத்திலேயே கடினமான சாலை உடம்பின் மிக மோசமான நேரத்தில் வந்து சேருகிறது. திரும்பும்போது இதைவிட மோசம். மாலையில் மலை இறங்கி, இரவே கிளம்பினால், கடையநல்லூர்–சிவகிரி சமவெளிச் சாலையில் அதே அதிகாலை. மூட்டமும் அப்போதுதான் திரள்கிறது. ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில் வேகமும் கூடுகிறது. 2024 ஜனவரி 28 அதிகாலையில், குற்றாலம் போய்விட்டுத் திரும்பிய புளியங்குடி இளைஞர்கள் 6 பேர் சிமென்ட் லாரியில் கார் மோதி இறந்தது மலையில் அல்ல, கடையநல்லூருக்கு அருகே இந்த நேர்ச்சாலையில். 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டி பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்ததும் இரவில்தான். இரண்டும் வெவ்வேறு வழிகள்; ஒன்று சமவெளி, ஒன்று மலை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை இருட்டும் திரும்பும் பயணமும்.

வேளை முடிவான பிறகு வழிக்கு வரலாம். நம் வட்டாரத்துக்கு ஆரியங்காவே முதல் தேர்வு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாகவே தாழ்ந்த இடைவெளி அது. சில நூறு மீட்டர் உயரம்தான். புளியரை எஸ் வளைவையும் கோட்டைவாசலையும் கடந்தால் பெரும் ஏற்றம் முடிந்தது. உயரம் குறைவானதால் மேகம் தரைதொடுவதும் குறைவு. இதன் சிரமம் வேறு: கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் கனரக லாரிகள். தென்மலை வரை சாலை ஒடுங்கி வளைகிறது. லாரியை முந்தும் அவசரமே இங்கு எமன். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி என்றாலும், அதை நம்பி வளைவில் நுழைவது புத்தியல்ல. ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில் சாஸ்தாக்களையும் சேர்த்துத் தரிசிக்க விரும்புபவர்கள் மேக்கரை வழியாக அச்சன்கோவில் போகும் காட்டுப்பாதையை எண்ணுவார்கள். பகலில், மழையில்லாத நாளில், சின்ன வண்டிக்கு அது சரி. யானை நடமாடும் ஒற்றைச் சாலை அது. இரவுக்கு அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

குமுளி வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒன்று நியாயமானது. சீசன் உச்சத்தில் போலீசார் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் ஒருவழியாகத் திருப்பிவிடுகிறார்கள். எதிரே வண்டி வராத மலைப்பாதை பெரிய பாதுகாப்புதான். ஆனால் அதற்கான விலை உயரம். குமுளி 900 மீட்டரைத் தொடும். பீர்மேடு, குட்டிக்கானம் அதற்கும் மேலே. அங்கிருந்து முண்டக்கயத்துக்கு இறங்குவது நீண்ட, தொடர்ந்த இறக்கம். ஆட்களோடு 3 டன் எடையுள்ள வேன் 900 மீட்டர் இறங்கும்போது பிரேக்கும் இன்ஜினும் சேர்ந்து தாங்க வேண்டிய ஆற்றல், அதே வேனை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அறுபது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். அதை முழுக்கப் பிரேக் மேல் போட்டால் அது சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, பெடல் காலுக்கடியில் தளர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருளவிடுவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் நின்றுவிடும். நமக்கு வடக்கே சுற்றுவதால் தூரமும் கூடுகிறது. தேனிப் பக்கத்து ஆட்களை ஏற்ற வேண்டியிருந்தாலோ, தெற்கே கனமழை எச்சரிக்கை இருந்தாலோ மட்டும் குமுளியைத் தேர்ந்தெடுக்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை நினைவில் வைத்தால், எச்சரிக்கையை அலட்சியப்படுத்தத் தோன்றாது.

இரவில் கிளம்புவதற்கு ஆதரவாக, ராத்திரி ரோடு காலியாக இருக்கும், ஆட்களுக்கு வெயில் தெரியாது, ஒருநாள் லீவு மிச்சம் என்று சொல்வார்கள். மூன்றும் உண்மை. மில் ஷிப்டில் இருப்பவருக்கு ஒருநாள் சம்பளம் லேசான விஷயமல்ல. ஆனால் காலியான சாலையில்தான் கண் அசரும், வேகமும் கூடும். காலையில் நெய்யபிஷேகம் கிடைக்க வேண்டுமே என்பது இன்னொரு வாதம்; அது முற்பகலோடு முடிந்துவிடும் என்பதும் சரியே. அதற்கு இரவெல்லாம் ஓட்டுவதைவிட நல்ல வழி உண்டு. காலை ஆறரை, ஏழு மணிக்கு, வெயில் எட்டிப்பார்க்கும்போது, மூட்டம் இருந்தால் அது கலைந்தபின், கிளம்புங்கள். கணவாயை ஒன்பது மணிவாக்கில் கடந்து, பிற்பகலில் நிலக்கல் சேர்ந்து, மாலையில் மலையேறி, இரவு சன்னிதானத்தில் தங்கி, மறுநாள் காலை அபிஷேகம் முடித்து இறங்கலாம். இதில் ஓட்டுநர் மலை ஏறாமல் நிலக்கல்லிலேயே தூங்க வேண்டும். அவரும் மாலை போட்டவர் என்றால் இன்னொரு ஓட்டுநரைச் சேர்ப்பதுதான் முறை. ஏறி இறங்கிய கால்களோடு அவரை ஸ்டீயரிங்கில் உட்காரவைப்பது பக்தியில் சேராது.

அவர் இருபது வருஷமாக இந்த வழியில் ஓட்டுபவர் என்பது கடைசி வாதம். பழக்கம் வளைவுகளைச் சொல்லித் தரும். வளைவுக்கு அப்பால் நிற்கும் லாரியைச் சொல்லித் தராது. பிறந்ததிலிருந்து பனியில் ஓட்டும் கனடாவின் கியூபெக் மாகாணத்தவரைக்கூட, டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டிப்போடுகிறது. அனுபவத்தை நம்பி விட்டுவிடாமல் விதியாக்கினார்கள். நம்மூரில் குளிர்கால டயர் தேவையில்லை; 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் பட்டன் இருக்க வேண்டும் என்ற விதியையாவது வண்டி பேசும்போது பார்க்கலாம். மழைச்சாலைக்கு அதைவிட நன்றாகவே இருக்கட்டும். ஓட்டுநரின் வேலை நாளைக்கு எட்டு மணி நேரம்தான் என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் 1961-லேயே சொல்லிவிட்டது.

சிறு குழுவுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. செங்கோட்டை–புனலூர் அகலப்பாதை 2018-ல் முடிந்தபிறகு, மதுரையிலிருந்து பகலில் கிளம்பும் குருவாயூர் ரயில் ராஜபாளையம், செங்கோட்டை, கொல்லம் வழியாகச் செங்கன்னூரைத் தொடுகிறது. அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்து. இருமுடியோடு இடம் மாறுவது கொஞ்சம் சிரமம்தான், பெரியவர்கள் இருந்தால் இன்னும் சிரமம். ஆனால் மலையைக் கடக்க ரயிலைவிடப் பாதுகாப்பான வண்டி இந்த வட்டாரத்தில் இல்லை.

குருசாமிகளுக்கு ஒரு வேண்டுகோள். வேன் பேசும்போது வாடகைக்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: முந்தின இரவு ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார், அவர் கண் அசந்தால் வண்டியை எடுக்க யார் இருக்கிறார். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், அந்த வண்டி எந்த வழியில் போனாலும் வேண்டாம்.