உடம்புக்குப் பொருந்தும் பெல்ட்

விடியற்காலை நேரம். பேரன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி அவன் பெங்களூருக்குப் போக வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பது அவன் வேலை.

அவன் பையில் ஒரு பெல்ட் இருந்தது. தாத்தா அதை எடுத்துப் பார்த்தார். அது இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தாத்தா ஆழத்தில் இறங்கிப் பிழைத்தார். பேரன் உயரத்தில் ஏறிப் பிழைக்கிறான்.

"இதைத்தான் போட்டுக்கொள்கிறாயா?" என்று தாத்தா கேட்டார்.

"சில நேரம் போடுவேன் தாத்தா. இடுப்பை அறுக்கிறது. கழற்றி வைத்துவிடுவேன்."

"உறுத்தும் பெல்ட்டை யாரும் நாள் முழுக்கப் போட மாட்டார்கள். கழற்றி வைத்த பெல்ட் உயிரைக் காக்காது. போட்டிருந்தாலும் இது ஆபத்துதான். நீ விழுந்தால் பாரம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தலைகீழானால் பெல்ட் நழுவிவிடும்."

"வேறு எது நல்லது?"

"முழு உடல் பெல்ட். அது தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும். பாரம் பிரிந்துவிடும். மேஸ்திரியிடம் கேள். பெல்ட் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை."

"கேட்டால் நாளைக்கு வேலை இல்லை என்பாரே?"

"தனியாகக் கேட்டால் அப்படிச் சொல்வார். நான்கு பேராகக் கேளுங்கள்."

பேரன் ரயிலில் நண்பர்களிடம் பேசினான். எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள். ஒரு வாரத்தில் புதிய பெல்ட்டுகள் வந்தன.

பெல்ட்டைப் போடும் முன் கவனியுங்கள்:

1. பெல்ட்டில் ஐ.எஸ். 3521 என்ற எண் இருக்கிறதா?

2. போட்டுக்கொண்டு குனியுங்கள். கையைத் தூக்குங்கள். எங்காவது உறுத்துகிறதா?

3. தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும். மூடிய கை நுழைந்தால் பட்டை தளர்வு. இறுக்குங்கள்.

4. கயிறு மாட்டும் வளையம் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

5. தையல் பிரிந்த பெல்ட், பட்டை கிழிந்த பெல்ட், வளையம் துருப்பிடித்த பெல்ட் வேண்டாம். விழுந்தவரை ஒரு முறை தாங்கிய பெல்ட்டும் வேண்டாம்.

6. கொக்கியைத் தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்டுங்கள். ஆடும் சாரத்தில் மாட்டாதீர்கள்.

7. தனியாக ஏறாதீர்கள். பெல்ட்டில் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கும். சிறிது நேரத்தில் மயக்கம் வரும். உயிரே போகலாம். அவரை உடனே இறக்க ஆள் வேண்டும்.

இப்போது பேரன் பெல்ட்டைக் கழற்றுவதில்லை. அது உறுத்துவதில்லை. ரயில் வரும்வரை தாத்தா விழித்திருக்கிறார். ஆனால் முன்போல் பயப்படுவதில்லை.

விடை சொல்லுங்கள்:

1. பேரன் பழைய பெல்ட்டை ஏன் கழற்றி வைத்தான்?

2. முழு உடல் பெல்ட் எந்தெந்த இடங்களைப் பிடிக்கிறது?

3. உங்கள் ஊரில் உயரத்தில் வேலை செய்பவர்கள் யார்? அவர்களிடம் என்ன பெல்ட் இருக்கிறது? கேட்டு எழுதுங்கள்.