தொண்டை நோவும் பிள்ளையின் இருதயமும்

தொண்டை நோ என்றால் நமது வீடுகளில் எவரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. மழை தொடங்கினால் வரும், ஐஸ்பழம் சாப்பிட்டால் வரும், நாலு நாளில் தானாகப் போய்விடும் என்பதே பலரின் எண்ணம். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே முடிகிறது. ஆனால் தொண்டை நோவோடு வைத்தியரிடம் வரும் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருப்பது வேறு வகையானது. அதை அரைகுறையாகக் கவனித்தால், தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பின்னர், பிள்ளையின் இருதயம் தாக்கப்படக்கூடும். இந்த இரண்டு வகைகளையும் ஓரளவுக்காவது வேறுபடுத்தி அறியத் தாய்மாரும் ஆசிரியர்களும் கற்றுக்கொள்வது அவசியம்.

ரொன்சில் என்பது என்ன?

பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, வாயை அகலத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் தொங்குவது உண்ணாக்கு. அதன் இருபுறமும், தொண்டையின் வாசலில், வாதுமைக் கொட்டை போன்று தெரிபவையே ரொன்சில்கள். மூக்காலும் வாயாலும் உள்ளே நுழையும் கிருமிகளை உடல் முதலில் அடையாளங் காணும் இடங்களில் இவையும் ஒன்று. பிறந்த குழந்தைக்கு இவை சிறியவை. பாலர் வகுப்புக் காலத்தில் நன்றாகப் பருத்துப் பின்னர் வளர்ந்தோரிடத்தில் சுருங்கிவிடும். ஆகவே ஆறு வயதுப் பிள்ளையின் ரொன்சில் பெரிதாகத் தெரிவது மட்டும் நோயல்ல.

உண்ணாக்கு வளர்ந்துவிட்டது என்று சொல்லி, விரலில் உப்பும் மிளகுத் தூளும் தொட்டு அதை அமுக்கித் தூக்கும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு. தொண்டை முழுவதும் அழற்சி கண்டிருக்கும்போது உண்ணாக்கும் சேர்ந்து வீங்குகிறது. அழற்சி தணிந்தால் தானாகவே வற்றிவிடும். அமுக்குவதால் அந்த இடம் புண்படுவதும், பிள்ளை அதன் பிறகு எவருக்கும் வாயைத் திறக்க மறுப்பதுமே மிச்சம்.

எப்படிக் கண்டுகொள்வது?

தொண்டை அழற்சியில் பெரும்பகுதி வைரஸ் கிருமிகளால் வருவது. தடிமன், மூக்கொழுகல், இருமல், குரல் அடைப்பு, கண் சிவத்தல் என்பன கூடவே வந்தால் அது வைரஸ் என்று பெரும்பாலும் நம்பலாம். இதற்கு அன்ரிபயோட்டிக் மருந்து எந்தப் பயனும் தராது. வைத்தியர் குளிசை எழுதாமல் அனுப்பினால் ‘இவர் கவனிக்கவில்லை’ என்று கோபித்துக்கொண்டு அடுத்த டிஸ்பென்சரிக்குப் போவோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றைய வகைக்குக் காரணம் ஸ்ரெப்ரோகொக்கஸ் எனப்படும் பக்ரீரியா. அதிலும் ‘ஏ’ பிரிவைச் சேர்ந்ததே நாம் அஞ்ச வேண்டியது. இது ஐந்து முதல் பதினைந்து வயது வரையான பிள்ளைகளையே அதிகம் பிடிக்கும். இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் துளிகளால் பரவும். தொற்றிய இரண்டு முதல் ஐந்து நாட்களில் நோய் வெளிப்படும். பிள்ளை காலையில் நன்றாக இருந்து மாலையில் திடீரெனக் காய்ச்சலோடு படுத்துவிடும். எச்சில் விழுங்கவும் நோகும். தலையிடி, வயிற்று நோ, சத்தி என்பனவும் சேரலாம். வயிற்று நோ என்று வரும் பிள்ளையின் தொண்டையையும் பார்ப்பது நல்லது. அனுபவமுள்ள தாதிமார் இதைச் செய்வதை நான் கண்டிருக்கிறேன்.

வைத்தியர்கள் நான்கு அடையாளங்களைத் தேடுகிறார்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கிறதா? ரொன்சில் வீங்கி, அதன்மேல் வெண்மையான அல்லது மஞ்சள் நிறச் சீழ்ப்புள்ளிகள் தெரிகின்றனவா? தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்புறம் நெறி கட்டி, தொட்டால் நோகிறதா? இருமல் இல்லையா? ஒன்றும் இல்லாவிட்டால், அல்லது ஒன்று மட்டுமே இருந்தால், இந்தக் கிருமியாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. நான்கும் இருந்தாலுங்கூட ஏறத்தாழப் பாதிப்பேரிடமே கிருமி இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவி ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே உறுதியான வழி. அந்த வசதியில்லாத இடத்தில், வயதையும் அடையாளங்களையும் கொண்டு வைத்தியர் முடிவெடுப்பார்.

வீட்டுக் கவனிப்பு

எந்த வகையானாலும் முதல் இரண்டு மூன்று நாட்கள் பிள்ளை துன்பப்படும். அந்தத் துன்பத்தைத் தணிப்பதும் வைத்தியமே. இளஞ்சூட்டு நீர் ஒரு கிளாசில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நாளுக்கு நாலைந்து முறை கொடுக்கலாம். மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர், கஞ்சி, இளநீர் எல்லாம் நல்லவை. ஒரு வயது கடந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். அதற்குக் குறைந்த குழந்தைக்குக் கூடாது. சுண்ணாம்பைத் தேனில் குழைத்துக் கழுத்துக்கு வெளியே பூசுவதால் கிருமி சாகாது. சில பிள்ளைகளுக்குத் தோல் எரிந்து போகிறது. குளிர்ந்த பானமோ ஐஸ்பழமோ இந்த நோயை உண்டாக்குவதில்லை. விழுங்க மறுக்கும் பிள்ளைக்கு அவை சற்று இதமாகவும் இருக்கும். பாட்டிமார் என்னை மன்னிப்பார்களாக.

காய்ச்சலுக்கும் நோவுக்கும் பரசிற்றமோல் போதும். பிள்ளையின் நிறைக்கேற்ற அளவை வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டுக்கொள்ளுங்கள். அஸ்பிரின், இபுபுறொபன், டிக்ளோபினாக் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். நமது நாட்டில் காய்ச்சலோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் டெங்கு இருக்கலாம்; அப்படியிருந்தால் அந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பத்து நாட்கள்

ஸ்ரெப்ரோகொக்கஸ் என்று வைத்தியர் முடிவுசெய்தால் பெனிசிலின் அல்லது அமொக்சிசிலின் பத்து நாட்களுக்குத் தருவார். நீண்டகாலம் வேலை செய்யும் பெனிசிலின் ஊசி ஒரே தடவை போடுவதும் உண்டு. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. முன்பு எப்போதாவது மருந்தினால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி, மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். மருந்து தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் காய்ச்சல் விட்டுவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். தாய் மருந்தை நிறுத்துகிறாள். மிகுதியை அலுமாரியில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குத் தொண்டை நொந்தால் கொடுக்கலாம் என்று எண்ணுகிறாள். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. மிச்சம் பிடிப்பது அவளுடைய சிக்கனம். ஆனால் மூன்றாம் நாளில் நோவுதான் நின்றிருக்கிறது. கிருமி ரொன்சிலின் குழிகளில் இன்னும் உயிரோடிருக்கிறது. மூத்தவனுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி மருந்து கிடைத்து, இருவரில் ஒருவருக்கும் முழுப் பயன் கிடைக்காமல் போகிறது.

அப்படி முழுமையாகக் கொடுப்பதால் என்ன கிடைக்கிறது? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள வாரன் படைமுகாமில் நடந்து 1950ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. இந்தத் தொண்டை நோயுள்ள படைவீரர்களில் ஏறத்தாழ 800 பேருக்குப் பெனிசிலின் கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ அதேயளவினருக்குக் கொடுக்கப்படவில்லை. மருந்து பெறாதவர்களில் 17 பேருக்கு வாதக்காய்ச்சல் கண்டது. பெற்றவர்களில் 2 பேருக்கு மட்டுமே. நோய் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் வாதக்காய்ச்சலைத் தடுக்கலாம் என்பது பின்னர் அறியப்பட்டது. ஆகவே ‘மூன்று நாள் பிந்திவிட்டோமே, இனி என்ன பயன்’ என்று வீட்டில் இருந்துவிட வேண்டியதில்லை. எத்தனையோ கிருமிகள் மருந்துகளுக்கு அடங்காமற் போய்விட்ட இந்நாளிலும் இந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்குகிறது என்பது நமக்குக் கிடைத்த பெரிய உதவி.

வாதக்காய்ச்சல்

கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள், கிருமியின் சாயலிலுள்ள தன் சொந்தத் தசையையே தாக்குவதால் இந்நோய் வருகிறது. மூட்டை நக்கி இருதயத்தைக் கடிக்கும் நோய் என்று பழைய வைத்தியர்கள் இதைப் பற்றிச் சொல்வார்கள். முழங்கால் வீங்கி நோகும், அது தணிய கணுக்கால், பின்பு முழங்கை. இப்படி இடம் மாறும் நோவைக் ‘கட்டை வளரும் நோ’ என்றும் ‘விளையாடி அடிபட்டது’ என்றும் தள்ளிவிடுகிறோம். மூட்டு முழுமையாகச் சுகமாகிவிடும். இருதய வால்வில் ஏற்பட்ட வடு மாத்திரம் அப்படியே நின்றுவிடலாம்.

இன்னுமொரு அடையாளத்தை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. தொண்டை நோ வந்து சில மாதங்கள் கழித்துக்கூட, அழகாக எழுதிய பிள்ளையின் எழுத்துத் திடீரெனக் கோணலாகும். கையிலுள்ள கோப்பை நழுவும், முகமும் கைகளும் தாமாகவே துடிக்கும், காரணமின்றி அழும். பெண்பிள்ளைகளில் இது அதிகம். குழப்படி என்று அடி வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பேய் பிடித்ததென்று கயிறு கட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இருதயப் பரிசோதனை.

வால்வு கெட்டது பல ஆண்டுகள் வெளியே தெரியாமலும் இருக்கும். பெண்ணொருத்திக்கு அது முதன்முதலாகத் தெரியவருவது சில வேளை கர்ப்ப காலத்தில்தான். அப்போது உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால், ஒடுங்கிய வால்வு அதைத் தாங்காமல் மூச்சு முட்டுகிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று கர்ப்பிணித் தாய் சொன்னால் குடும்பநல மாதுவிடம் அன்றே சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் 3 கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு கெட்ட வால்வுகளோடு வாழ்ந்தனர் என்றும், அவ்வாண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இதனால் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. பணக்கார நாடுகளில் இந்நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. மருந்தோடு வீடும் அங்கே மாறியது: ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் நிலை நீங்கியது. தோட்டத்து லயன் அறைகளையும், இடம்பெயர்ந்தோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த தகரக் கொட்டில்களையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டுத் திட்டம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இதையும் ஒரு காரணமாக எழுதலாம்.

ஒருமுறை வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு தடவையும் வால்வு மேலும் கெடும். ஆகவே மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட வேண்டும். இருதயம் தாக்கப்படாதவருக்குக் குறைந்தது 5 ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது நீண்டதோ அதுவரை. தாக்கப்பட்டவருக்கு 10 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேல். வால்வு நிரந்தரமாகக் கெட்டிருந்தால் 40 வயது வரையும் நீளலாம். ஊசி நன்றாக நோகும். திகதி நெருங்கினால் பிள்ளை ஒளித்துக்கொள்ளும். சுகமாக ஓடித்திரியும் பிள்ளைக்கு ஏன் ஊசி என்று உறவினர் கேட்பார்கள். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் திகதி தவறிப்போகும். ஊர்ச் சங்கத்தின் சுகாதாரத் தொண்டர் ஒருவர் இப்படியான பிள்ளைகளின் ஊசித் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, முதல் நாள் வீட்டுக்குப் போய் ஞாபகப்படுத்தினால் அதுவே பெரிய சேவை. வேறூருக்குக் குடிபெயரும் குடும்பம் கிளினிக் அட்டையைக் கட்டாயம் எடுத்துச்செல்ல வேண்டும். பல்லுப் பிடுங்கப் போனாலும் அதைக் காட்ட வேண்டும்.

உடனே வைத்தியசாலைக்கு

வாயைத் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்காமல் வடியவிடுதல், வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், மூச்செடுக்கும்போது இரைச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும் இரவென்றும் பாராமல் கொண்டுபோக வேண்டும். ரொன்சிலின் அருகே சீழ்க்கட்டி உண்டாகியிருக்கலாம். மூச்சுப் பாதை அடைபடலாம். தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து, கழுத்துத் தடித்திருந்தால் அது தொண்டைக்கரப்பனாக இருக்கக்கூடும். நமது நாட்டில் 1961 முதல் முக்கூட்டுத் தடுப்பூசி போடப்பட்டு வந்ததால் இன்றைய தாய்மார் அதைக் கண்டதில்லை. காணாத நோய்க்கு ஊசி எதற்கு என்று தவறவிட வேண்டாம். தொண்டை நோவுக்குப் பிறகு காலையில் முகம் வீங்கி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கிறது. சொறி சிரங்குப் புண்களுக்குப் பின்னரும் இது வரலாம்.

ரொன்சிலை வெட்டுவதா?

பெப்ரவரி 3ஆம் திகதி புனித பிளாசியார் திருநாளில் தொண்டையில் மெழுகுதிரி வைத்து ஆசீர் பெற வரும் தாய்மார் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான். (அந்தப் புனிதர் ஆயராகுமுன் வைத்தியராக இருந்தவர் என்பது மரபு, ஆகவே கேள்வி இடந்தெரிந்தே கேட்கப்படுகிறது.) ஒரே ஆண்டில் ஏழு தடவை, அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஐந்து தடவை, அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மூன்று தடவை கடுமையாக வந்தால் வைத்தியர்கள் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள். பிள்ளை உறக்கத்தில் பெரிதாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தால் அதுவும் ஒரு காரணம். இவை இல்லாவிட்டால் பொறுத்திருக்கலாம். வயதாக ஆகப் பெரும்பாலானோருக்குத் தானாகவே குறைந்துவிடும். எத்தனை தடவை என்பதை ஞாபகத்தில் நம்பாமல் கலண்டரில் குறித்துவாருங்கள். வெட்டிய பின் ஒரு வாரம் கழித்துக்கூட இரத்தம் கசியலாம்; கசிந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும். வாதக்காய்ச்சலுக்கு ஊசி போடும் பிள்ளைக்கு ரொன்சிலை எடுத்துவிட்டாலும் ஊசியை நிறுத்த முடியாது. அடுத்த திகதி அட்டையில் உள்ளபடியே.