கேஸ் போட்டா ஜெயிக்குமா, டீச்சர்?

ஆசிரியர் தேர்வு வாரியம் ஒரு முடிவை வெளியிட்டால் அன்று மாலை எங்கள் வகுப்பில் பாடம் நடக்காது. நெய்வேலி டவுன்ஷிப்பில், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சாயங்கால நேரத்தில் கல்வி உளவியல் சொல்லித் தருகிறேன். மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடலூர், குறிஞ்சிப்பாடி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருவார்கள். பெரும்பாலும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திவிட்டு நேராக இங்கே வருகிற பெண்கள். முடிவு வந்த அன்று எல்லார் கையிலும் ஒரு பிரின்ட் அவுட் இருக்கும். "கேஸ் போட்டா ஜெயிக்குமா, டீச்சர்?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் தீர்ப்புகளைப் படிக்கப் பழகினேன். மாணவிகளுக்குத் துணையாக விருத்தாசலத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, உயர் நீதிமன்றத்துக்கு எதிர்த் தெருக்களில் இருக்கும் வக்கீல் அறைகளில் காத்துக் கிடந்திருக்கிறேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: "உனக்கு நடந்தது அநியாயமா, விதிமீறலா?" கேட்டதும் முகம் சுண்டிப்போகும். இரண்டும் ஒன்றுதானே என்று பார்ப்பார்கள். வெயிட்டேஜ் கதையைச் சொன்னால்தான் புரியும்.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,500-ஐக்கூடத் தொடவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். அந்த அக்டோபரில் வந்ததுதான் அரசாணை 252. டெட் மதிப்பெண்ணுக்கு 60, மற்ற படிப்புகளுக்கு 40 என்று நூற்றுக்குக் கணக்கிட்டுத் தரவரிசை. இதுதான் வெயிட்டேஜ். பட்டதாரி ஆசிரியருக்கு அந்த நாற்பதில் பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15. கோளாறு எங்கே என்றால், மதிப்பெண்ணைப் படிகளாக வெட்டியிருந்தார்கள். டெட்டில் 90 எடுத்தவருக்கும் 42, 104 எடுத்தவருக்கும் 42. 105 எடுத்துவிட்டால் 48. ஒரே ஒரு மதிப்பெண், தரவரிசையில் ஆறு புள்ளிகள்!

இதை எதிர்த்துப் போனவர்கள் ஜெயித்தார்கள். 2014 ஏப்ரலில் அந்தப் படிமுறையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு மே 30-ல் அரசாணை 71 போட்டு, எடுத்த மதிப்பெண்ணை அப்படியே விகிதத்துக்கு மாற்றியது. இங்கேதான் அடுத்த சண்டை. டெட்டில் 100 எடுத்த ஒருவர். பிளஸ் டூவில் 65 சதவீதம், டிகிரியில் 60, பி.எட்.டில் 75. அவர் கணக்கு 66.75. டெட்டில் 90 மட்டும் எடுத்த இன்னொருவர். 88, 78, 85. அவருக்கு 69.25. பத்து மதிப்பெண் குறைவாக எடுத்தவர் முன்னே போய்விடுகிறார். 1995-ல் பிளஸ் டூ முடித்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் காலத்தில் ஆயிரத்து இருநூறுக்கு எழுநூறு எடுத்தாலே தெரு பேசும். 2014 வாக்கிலோ ஆயிரத்து நூறை எடுத்துவிட்டு அழுகிற பிள்ளைகள் இருந்தார்கள். இருபது வருஷ இடைவெளியை ஒரே தராசில் வைப்பது சரியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் தோற்றார்கள். லாவண்யா வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் 2016 நவம்பர் 9 அன்று, அந்தக் கணக்கு முறை அரசின் கொள்கை முடிவு, தன்னிச்சையானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 90-லிருந்து 82 ஆகத் தளர்த்திய அரசாணை 25-உம் அதே தீர்ப்பில் நிலைத்தது. படிமுறை விழுந்தது, விகிதமுறை நின்றது. முன்னதில் சமமில்லாதவர்களைச் சமமாக வைத்த பிசகு வெளிப்படையாகத் தெரிந்தது. பின்னதில் இருந்தது 'இதைவிட நல்ல முறை இருக்கிறதே' என்ற ஆதங்கம். ஆதங்கத்துக்கு ரிட் கிடையாது. நம் ஊருக்கே இது தெரியும். 2022-ல் இங்குள்ள என்.எல்.சி. சுரங்க நிறுவனம் கேட் தேர்வு மதிப்பெண் வழியாக 299 பொறியாளர்களைத் தேர்வு செய்தபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எங்கே என்று பெரிய கூச்சல் எழுந்தது. விதிப்படிதான் எடுத்தோம் என்பதே நிர்வாகத்தின் பதில்.

வேடிக்கை என்னவென்றால், உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வெயிட்டேஜ் முறையை அரசே 2018 ஜூலையில் அரசாணை 149 மூலம் கைவிட்டது. டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அப்படி ஒரு தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 பிப்ரவரி 4-ல், இடைநிலை ஆசிரியர்களுக்கு அதே வருஷம் ஜூலை 21-ல். 2013-ல் தேறியவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். டெட் சான்றிதழே ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும் என்றிருந்தது. 2021-ல் அதை ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றியதால் தப்பித்தார்கள்.

இன்னொரு விசித்திரம், எந்த நீதிமன்றத்துக்குப் போகிறோம் என்பது. நாம் கடலூர் மாவட்டம். நம் வழக்கு சென்னைக்குத்தான் போகும். திருச்சிக்காரருக்கு மதுரைக் கிளை. 2014 செப்டம்பரில் ஒரே வாரத்தில், அரசாணை 25 செல்லும் என்று சென்னையும் செல்லாது என்று மதுரையும் தீர்ப்பளித்தன. 85 மதிப்பெண் எடுத்திருந்த எங்கள் மாணவிகளுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. "மதுரையில் ஆர்டர் வந்திருக்காமே" என்று யாராவது ஓடிவந்தால், "அதை வைத்து இன்றைக்கே எந்த முடிவும் எடுக்காதே, மேல்முறையீடு வரும்" என்பேன். அது முடிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அடுத்து விடைக்குறிப்பு. உண்மையில் சாமானியர் ஜெயிக்கக்கூடிய வழக்கு இங்கேதான் இருக்கிறது, தோற்கிற வழக்கும் இங்கேதான் அதிகம். வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு ஒருவர் வங்காளி என்று எழுதினார். விடைக்குறிப்பில் சமஸ்கிருதம். அவர் எடுத்தது 89, தேவை 90. உயர் நீதிமன்றம் போனார். மூலம் சமஸ்கிருதம், எழுதப்பட்டது வங்காளி எழுத்தில் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் விளக்க, 2017 ஜூலையில் அவருக்கு அந்த ஒரு மதிப்பெண் கிடைத்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நாடு முழுக்கப் பேசினார்கள். மதிப்பெண்ணுக்காக இல்லை, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று அதில் இருந்ததற்காக. வேலை கேட்டுப் போன மனிதர் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தார்.

அதைக் காட்டி எல்லாரும் கிளம்பினால் நடக்காது. விடைக்குறிப்பு சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தவறு என்பது வாதமே தேவைப்படாத அளவுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 1983-லேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு பற்றிய ரண் விஜய் சிங் வழக்கில் 2017 டிசம்பரில் இன்னும் இறுக்கினார்கள்: சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வு நடத்தியவருக்கே. 2009-ல் தொடங்கிய தேர்வு அது. எட்டு வருஷம்!

ஆகவே நான் சொல்லித் தருவது இதுதான். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாள் கொடுப்பார்கள். வழக்கின் அஸ்திவாரம் அந்தச் சில நாளில்தான். கோச்சிங் சென்டர் கைடைக் காட்டாதீர்கள், வாரியம் ஏற்காது. நாங்கள் அச்சடித்துத் தரும் நோட்ஸும் அதில் அடக்கம். பாடநூல், அங்கீகரிக்கப்பட்ட நூல் என்றால் அட்டை, பதிப்பு ஆண்டு, பக்கம் மூன்றையும் நகலெடுத்து இணையுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைச் சேமியுங்கள். அப்போது சும்மா இருந்துவிட்டு இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை என்றதும் ஓடுகிறவரைப் பார்த்து நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். தேர்வு விதியே தவறு என்பவர்களுக்கும் இது பொருந்தும். அறிவிக்கையைப் படித்து, விண்ணப்பித்து, தேர்வில் உட்கார்ந்து, தோற்ற பிறகு விதியைக் குறை சொல்ல முடியாது என்று 1995-ன் மதன் லால் வழக்கிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். அறிவிக்கை வந்த வாரமே, வரிவரியாக, விதிகளைப் படிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கென்று ஒரு மாலை ஒதுக்கியிருக்கிறேன். உளவியலைவிட அதற்குக் கூட்டம் அதிகம்.

இடஒதுக்கீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் 2,144 முதுகலை ஆசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. வேதியியலில் மிகப் பிற்படுத்தப்பட்ட பிரிவினர் சிலர் கணக்கை நோண்டினார்கள். தங்கள் பிரிவில் மதிப்பெண் அதிகமாக எடுத்து, பொதுப் பட்டியலிலேயே இடம்பிடிக்கக் கூடியவர்களை முந்தைய ஆண்டுகளின் நிரப்பாத இடங்களில், அதாவது பேக்லாக்கில், உட்கார வைத்திருந்தார்கள். அதனால் அந்தப் பிரிவில் பின்னால் நின்றவர்களுக்கு இடம் போயிற்று. 2021 மார்ச் 5-ல் உச்ச நீதிமன்றம் வரிசையைத் தெளிவாக்கியது: முதலில் பொதுப் பட்டியலைத் தகுதிப்படி யாராயிருந்தாலும் நிரப்பு, பிறகு பேக்லாக், பிறகுதான் நடப்பு ஆண்டு இடஒதுக்கீடு. 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை நுணுக்கிப் படித்தவர்கள் அடைந்த வெற்றி இது. பட்டியல் வந்ததும் தன் பெயரை மட்டும் தேடாமல், பொதுப்பிரிவில் கடைசியாகப் போனவரின் மதிப்பெண் என்ன, தன் பிரிவில் முதலில் நிற்பவரின் மதிப்பெண் என்ன என்று பாருங்கள். இரண்டாவது முதலாவதைவிட அதிகமாக இருந்தால், அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

வழக்குப் போடும்போது யாரை எதிர்த்தரப்பாகச் சேர்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் வழக்கால் வேலை இழக்கக்கூடியவரை, எல்லாரையும் முடியாவிட்டால் சிலரையாவது, சேர்க்க வேண்டும். 1984-ல் உத்தரப் பிரதேச ஆசிரியர்கள் தொடர்பான பிரபோத் வர்மா வழக்கில் இதைக் கண்டிப்பாகச் சொன்னார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும். எதிரில் நிற்பவள் போன வருஷம் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளாகக்கூட இருப்பாள்.

குரூப் கேஸ் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, நூறு பேர் சேர்ந்து ஒரே மனு போடுவார்கள். செலவு குறையும், வாஸ்தவம். ஆனால் விடைக்குறிப்புப் பிரச்சினை உள்ளவரையும் தமிழ்வழிச் சான்றிதழ் பிரச்சினை உள்ளவரையும் ஒரே மனுவில் திணித்தால் இரண்டும் கெடும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் பிரமாணப் பத்திரத்தைப் படிக்கக் கேளுங்கள். வழக்கு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே பாருங்கள். எண் கேட்டால் மழுப்புகிற ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே இன்னொன்று: பல உத்தரவுகள் நீதிமன்றம் வந்தவர்களுக்கு மட்டுமே பலன் தரும். பக்கத்து வீட்டுக்காரி ஜெயித்தால் எனக்கும் கிடைக்கும் என்று காத்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு.

தமிழ்வழிச் சான்றிதழ் நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. 2010 சட்டப்படி தமிழில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்குப் படித்த பள்ளிகளில் கையெழுத்து வாங்க வேண்டும். சுரங்கத்துக்காக ஊர் இடம்பெயர்ந்த குடும்பங்களில், படித்த பள்ளியின் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை. அறிவிக்கை வரட்டும் என்று இருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஓ.எம்.ஆர். நகல், வினாத்தாள், ஹால் டிக்கெட், விண்ணப்பத்தின் பிரின்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் உரிமைச் சட்டத்தில் உண்டு என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்கில் சொன்னது, பத்து ரூபாய் செலவு. 2017-ல் நடந்த அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வில், 1,058 இடங்களுக்கு, விடைத்தாளும் வெளியான மதிப்பெண்ணும் ஒத்துப்போகாதது அம்பலமாகி, 2018 பிப்ரவரியில் தேர்வே ரத்தானது. மேற்கு வங்கத்தில் பள்ளி ஆசிரியர், ஊழியர் பணிக்கான 2016 தேர்வில் நடந்த மோசடியால் 2025 ஏப்ரல் 3-ல் 25,753 நியமனங்கள் போயின. ஒழுங்காகத் தேறியவர்களும் அதில் இருந்தார்கள். ஜெயித்து வேலையில் சேர்ந்தவர்களும் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இப்போது எங்கள் வகுப்பில் வேறு மாதிரி மாணவர்கள் வருகிறார்கள். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் டெட் தேறாமல் கிடையாது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. இருபது வருஷம் பாடம் நடத்திய ஆசிரியர்கள் பியாஜேயையும் வைகோட்ஸ்கியையும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கே சங்கடமாக இருக்கிறது. அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சங்கம் வழக்கை நடத்தட்டும், நீங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள் என்கிறேன். பணிப்பதிவேட்டில் முதல் நியமன ஆணை, சேர்ந்த தேதி, ஓய்வு தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். ஐந்து வருஷம் என்ற கணக்கில் சில நாள் முன்பின் ஆனால்கூட நிலைமை தலைகீழாகிவிடும்.