அறிஞர் சித்தி லெவ்வை

ஒரு சமுதாயத்தின் உயர்வும் தாழ்வும் அதன் கல்வியைப் பொறுத்தனவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வுண்மையை இஸ்லாமியச் சான்றோர் பலர் உணர்ந்தனர். தேவபந்தில் 1866 இல் தோன்றிய மதரசா சமயக் கல்வியைச் சீர்ப்படுத்தியது. அலிகாரில் சர் சையது அகமதுகான் 1875 இல் நிறுவிய கல்விக்கூடம் மேனாட்டு விஞ்ஞானத்தையும் புகட்டிற்று. அத்தகைய விழிப்பைத் தமிழ் வழங்கும் நிலத்தில் உண்டாக்கியவருள் ஒருவர் சித்தி லெவ்வை ஆவார்.

இவர் 1838 இல் இலங்கையிலுள்ள கண்டி நகரில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞராய் விளங்கினார். அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றைக் கிறித்தவப் பாதிரிமார் நடத்தி வந்தனர். அங்கே பயின்றால் தம் மக்கள் சமயத்தை இழப்பரோ என முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அதன் விளைவு யாது? சிறுவர் பலர் திருக்குர்ஆனை ஓதக் கற்றதோடு நின்றனர். அரசாங்க அலுவல்கள் அவர்கட்கு எட்டாக் கனியாயின.

சித்தி லெவ்வை பெற்றோரைப் பழித்தாரல்லர். அச்சத்தின் வேரையே களைய முற்பட்டார். சமயமும் காக்கப்படவேண்டும், புதுக் கல்வியும் பெருகவேண்டும். அதற்கு வழி முஸ்லிம்கள் தாமே பள்ளிகள் நிறுவுதல் என்பது அவர் கொள்கை. அதனைப் பரப்ப, 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றும் கற்கவேண்டும் என வற்புறுத்தினார். 1883 இல் எகிப்து நாட்டினின்று நாடுகடத்தப்பெற்று இலங்கை வந்த அராபி பாட்சா அவருக்கு ஊக்கமளித்தார்.

1884 இல் கொழும்பில் அவர் கண்ட பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அவர் சோர்ந்திலர். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் துணைநின்றார். 1892 இல் மருதானையில் புதிய பள்ளி எழுந்தது. அதுவே இன்றும் புகழோடு விளங்கும் சாகிராக் கல்லூரி. கண்டியில் பெண்மக்களுக்கும் ஒரு பள்ளி அமைத்த அப்பெரியார், 1898 இல் மறைந்தார்.

சமயமும் புதுக் கல்வியும் இணைந்து செல்லலாம் என்னும் அந்நோக்கம் தமிழகத்திலும் தழைத்தது. வாணியம்பாடியில் 1919 இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. சென்னைக்குத் தெற்கே, மாடம்பாக்கத்திற்குச் சேய்மையில்லாத வண்டலூரில், 1984 இல் வள்ளல் பி. எஸ். அப்துர் ரகுமான் நிறுவிய பொறியியற் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்துள்ளது. அங்கே பொறியியலோடு இஸ்லாமிய இயலும் கற்பிக்கப்படுகிறது.

அச்சத்தால் அடைத்த கதவை அறிவால் திறந்தவர் சித்தி லெவ்வை. முதற்பள்ளி மூடியபோது அவர் முயற்சியைக் கைவிட்டிருப்பின், பின்வந்த நலன்கள் விளைந்திரா. நற்செயலில் இடையூறு கண்டு தளராதிருத்தல் நாம் அவரிடம் கற்கவேண்டிய பாடமாகும்.