பலகையிலே பொன்

கோலார் தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் அங்கே ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைத்த பொன் சில கிராம்களே. பழைய கைப்பேசிகளை ஒரு டன் சேர்த்தாலோ அவற்றில் ஏறத்தாழ 300 கிராம் பொன் இருக்கும் என்பர். இதைக் கேட்ட விடுதி நண்பர்கள் சிலர், "பழைய மின்சுற்றுப் பலகைகளை நல்ல விலைக்கு விற்பது எப்படி?" என்று என்னை வினவினர். மின்னணுவியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்ததைக் கூறுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கணிப்பொறியின் ராம் பட்டையில் செருகும் விளிம்பைப் பாருங்கள். அங்குள்ள பொற்பூச்சின் கனத்தை முக்கால் மைக்ரான் என்று கொண்டால், ஒரு கிராம் பொன்னுக்குச் சுமார் 700 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். பலகையின் நடுவே மின்னும் பூச்சோ மிக மெல்லியது. அதன் கனம் மைக்ரானில் இருபதில் ஒரு பங்கு என்றால், ஒரு கிராமுக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பு வேண்டும்! ஆகவே, மினுக்கைக் கண்டு மயங்கலாகாது. எங்கே மின்னுகிறது என்பதே விலையை முடிவு செய்யும்.

இதிலிருந்து பிறப்பதே முதல் விதி: தரம் பிரியுங்கள். ராம் பட்டைகள், கைப்பேசிப் பலகைகள், பழைய பீங்கான் பிராசசர்கள் ஆகியவை ஒரு குவியல். கணிப்பொறியின் மதர்போர்டுகள் மற்றொரு குவியல். மின்வழங்கியிலும் பழைய தொலைக்காட்சியிலும் உள்ள பழுப்புப் பலகைகள் மூன்றாவது. அவற்றில் பொன் இல்லை என்றே சொல்லலாம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினால், வாங்குபவர் கடைசித் தரத்தின் விலையையே பேசுவார்.

இரண்டாவது: இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, செப்புக் கம்பிச்சுருள் ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே விற்றிடுங்கள். மின்கலங்களைக் கட்டாயம் நீக்குங்கள். அவை தீப்பற்றக் கூடியவை. இன்னும் வேலை செய்யும் ராம் பட்டையை உடைசலாக விற்காதீர்கள்; அதன் பொன்னைவிட அதன் உழைப்புக்கே விலை மிகுதி.

மூன்றாவது: வீட்டிலேயே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, மூவரிடமாவது விலை கேளுங்கள். சிறு அளவுக்குக் கிலோக் கணக்கே நடக்கும். பல விடுதிகள் கூடி நூற்றுக்கணக்கான கிலோ சேர்த்தால், மாதிரி எடுத்து உலோக அளவு சோதித்துப் பணம் தருமாறு ஆலையாரிடம் பேசலாம். அப்போது வெள்ளி, பல்லேடியம், செம்பு ஆகியவற்றுக்கும் பணம் உண்டா, கழிவு எவ்வளவு, எத்தனை நாளில் தருவர் என்பவற்றை முன்னமே கேட்டு எழுத்தில் பெறுக.

"நாமே அமிலத்தில் கரைத்துப் பொன் எடுத்தால் என்ன?" என்றார் ஒரு நண்பர். வேண்டாம். நைட்ரிக் அமிலம் உலோகத்தைத் தின்னும்போது எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலையும் தின்னும். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் ஏழை மக்கள் பலகைகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் பிழைத்தனர். இராமகங்கைக் கரையில் கருஞ்சாம்பல் குவிந்தது.

பதிவில்லாத வியாபாரி சில வேளை கூடுதல் விலை தருவார். புகையை அடக்கும் செலவு அவருக்கு இல்லை. அச்செலவை யாரோ ஒரு தொழிலாளி தம் உடம்பால் கொடுக்கிறார். கோலாரில் கல்தூசியை மூச்சாக இழுத்து நோயுற்றவர்களில் நம் தமிழர் பலர் அன்றோ? 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரே மறுசுழற்சித் தொழில் செய்யலாம். அவர்களுள் நல்ல விலை தருபவரைத் தேர்ந்தெடுங்கள். தரம் பிரித்து விற்பவருக்கு அங்கேயும் நட்டம் வாராது.