என்றைக்கு எடுத்தது?

அன்புள்ள தம்பி,

உங்கள் கட்டுரை வந்த மாத இதழைப் பேத்தி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். எரிச்சல், புண், வெட்கம் என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் பாவம், அவள்தான் என்ன செய்வாள்? நான் நிமிர்த்தி வைத்துப் படித்தேன். பால்வினை நோய்ப் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு வெட்கம் எப்போதோ போய்விட்டது. கோபம்தான் போகவில்லை.

கோபம் ஒரே வரி மேல்தான். “ஹெர்பிஸ் என்ற சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பரிசோதனை? என்றைக்கு? காதுகுத்துக்குக்கூட நாள் பார்க்கிற ஊர் நம்முடையது. இதற்கு மட்டும் நாள் வேண்டாமா?

உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் வாசகனுக்குத் தெரியாது. சனிக்கிழமை தப்பு செய்துவிட்டு அடுத்த சனிக்கிழமை ரத்தம் கொடுப்பான். ‘நெகட்டிவ்’ என்று சீட்டு வரும். கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பான். அவன் உடம்பு அந்த வைரஸை எதிர்த்து ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளைச் செய்யவே வாரக்கணக்கில் ஆகும். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் அந்த ‘நெகட்டிவ்’ சொல்லுக்கு ஓரளவு மரியாதை. இந்தப் பன்னிரண்டு உங்கள் நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

கொப்புளம் கண்முன்னே இருக்கும்போது ரத்தத்துக்கு ஏன் ஓடுகிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. வந்து இரண்டு நாளுக்குள் அதன் கூரையைக் கிள்ளி, அடியில் குச்சியை அழுத்தித் தேய்த்து பி.சி.ஆருக்கு அனுப்பினால் டைப் 1-ஆ 2-ஆ என்பதுவரை சொல்லிவிடும். ஈரம் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகு தடவி அனுப்பி, நெகட்டிவ் வந்தது, ஹெர்பிஸ் இல்லை என்று எழுதுகிறவர்களை என்ன சொல்வது? அறுவடை முடிந்த வயலில் நின்று, இங்கே நெல்லே விளையாது என்பது போல.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் எங்கள் ஓ.பி.க்கு வருவார். மாசம் தவறாமல் அதே இடத்தில் புண். கல்கத்தா லோடு இறக்கிவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் எட்டோ ஒன்பதோ நாள் ஆகியிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு பி.சி.ஆர். ஏது? ட்ஸாங்க் ஸ்மியர்தான். கண்ணாடித் துண்டில் இழுத்து, கீம்சா சாயம் போட்டு, பல உட்கருக்கள் ஒட்டிக்கொண்ட ராட்சத செல் தெரிகிறதா என்று கண் வலிக்கப் பார்ப்பது. பொம்பளை டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று அவர் பிடிவாதம். சீஃப்தான் ஸ்மியர் எடுப்பார், நான் பார்ப்பேன். நான்கு தடவையும் ஒன்றும் இல்லை. ஐந்தாவது தடவை சீஃப் கத்தினார்: “கொப்புளம் வந்த அன்னிக்கே வாய்யா, லோடு எங்கே போனா என்ன!” இரண்டு மாசம் ஆளைக் காணோம். ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு லாரியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு வந்து நின்றார். சீஃப் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். டியூட்டியில் நான்தான். மனுஷர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, “எடுங்க டாக்டரம்மா” என்றார். அந்த ஸ்லைடில் ராட்சத செல்கள் திராட்சைக் குலை மாதிரி கிடந்தன. அதே ஆள், அதே நோய், அதே மைக்ராஸ்கோப். மாறியது நாள் மட்டும்.

அன்றிலிருந்து எந்த லேப் சீட்டைக் கண்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: புண் வந்து எத்தனையாம் நாள் எடுத்தது? பி.ஜி. பிள்ளைகள் எனக்கு ‘பஞ்சாங்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது உங்கள் பெட்டிச் செய்தி. ‘மாதக்கணக்கில் எரிச்சல் நீடித்தால் ஹெர்பிஸாக இருக்கலாம்’ என்கிறீர்கள். தலைகீழ். ஹெர்பிஸ் வந்து போகும் விருந்தாளி. முதல் தடவை இரண்டு மூன்று வாரம், திரும்பி வந்தால் ஒரு வாரம், பத்து நாள். ஆறு மாசமாக ஒரு நாள் விடாமல் எரிகிறது என்றால் ஹெர்பிஸைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு வேறெதையாவது முதலில் தேடவேண்டும். ஒரு விலக்கு உண்டு. புண்ணே ஒரு மாசத்துக்கு மேல் ஆறாமல் நின்றால் அன்றைக்கே எச்.ஐ.வி. பார்க்கவேண்டும். எதிர்ப்புச் சக்தி இற்றுப்போன உடம்பில்தான் ஹெர்பிஸ் அப்படித் தங்கும். இதை நீங்கள் எழுதவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு எட்டு மாச எரிச்சல். கொப்புளம் ஒரு நாளும் வந்ததில்லை. யாரோ எழுதிக்கொடுக்க, ஒரு லேப் டைப் 2 ஐ.ஜி.ஜி. பார்த்து ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பில் அடித்துக் கொடுத்துவிட்டது. அளவு 1.4. அந்த 1.4ஐ ஒருவரும் படிக்கவில்லை, சிவப்பைத்தான் படித்தார்கள். மாமியார் வீட்டிலிருந்து பெட்டியோடு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1.1ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் என்பது கிட் கணக்கு. 3க்குக் கீழே வந்தால் வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் நம்பாதே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் எழுதிவைத்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் இருந்தது என்ன? மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு கலந்த கிரீமும், தினம் இரண்டு வேளை கழுவிய கிருமிநாசினியும். இரண்டையும் நிறுத்தச் சொன்னேன். ஆறே வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. ரத்தத்தை மறுபடி பார்த்தோம், நெகட்டிவ். பெட்டி மட்டும் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறது.

ஐ.ஜி.எம். பரிசோதனை பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தக் கடிதம் முடியாது. அது டைப்பையும் பிரித்துச் சொல்லாது, புதுசா பழசா என்பதையும் சொல்லாது. ஆனாலும் கரு கலைந்த பெண்ணுக்கெல்லாம் ‘டார்ச்’ பரிசோதனை எழுதி அதில் ஹெர்பிஸ் ஐ.ஜி.எம்.மைச் சேர்த்து, ஏற்கெனவே அழுகிறவளை இன்னும் அழவைக்கிறோம். நீங்களாவது எழுதித் தொலைக்காதீர்கள்.

இன்னொரு எரிச்சல், இது என் சொந்த எரிச்சல். மூன்று இடத்தில் ஹெர்பிஸுக்கு ‘அக்கி’ என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல தமிழ் எழுதும் ஆசை புரிகிறது. ஆனால் அக்கி என்றால் நம் சனங்களுக்கு, குயவர் வீட்டில் காவி குழைத்து உடம்பில் எழுதுகிற நோய். அது சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து எழும்பும் ஸாஸ்டர். என் பழைய ஸ்மியருக்கும் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதுதான். ஸ்லைடுக்கு அந்தக் குறை இருக்கலாம், டாக்டர் பேனாவுக்கு இருக்கக் கூடாது. ‘ஹெர்பிஸ்’ என்றே எழுதுங்கள், ஒருவருக்கும் தமிழ் குறைந்துவிடாது.

இவ்வளவு திட்டியவள் ஏன் கடைசிவரை படித்தேன் தெரியுமா? இரண்டாம் பக்கத்து அந்தப் பையனுக்காக. “மூத்திரக் கடுப்பு சார்” என்று சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நீங்கள் கதவைச் சாத்தும்வரை மிச்சத்தைச் சொல்லாமல் இருந்தானே, அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். அப்படி ஒரு பத்தியை இந்தத் துறையில் யாரும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை. எனக்கு வரவும் வராது. நீங்கள் எழுதப் பிறந்தவர்.

அதனால்தான் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லுங்கள்: கொப்புளம் என்றால் இரண்டு நாளுக்குள் குச்சி, ரத்தம் என்றால் பன்னிரண்டு வாரம் கழித்து ஐ.ஜி.ஜி., சீட்டில் எண்ணையும் பாருங்கள் என்று. மூன்று வரி போதும். அந்தப் பையன் ரத்தம் கொடுத்தது எத்தனையாம் நாள் என்பதையும் அவனைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா